தோட்டச் சம்பளத்தைத் தீர்மானிப்பது சங்கமா, சந்தையா, கொழும்பா?

கொழுந்துக்கூடை எழுதியது:

அம்மா வேலையை விட்டு நின்ற பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். அடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் மாதாமாதம் மடித்து வைத்த சம்பளச் சீட்டுகள். எங்களுடையது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம்.

இரண்டு சீட்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 2021 ஏப்ரல், மற்றது 2022 ஜூன். இரண்டிலும் நாள் சம்பளம் 1,000 ரூபாய்தான். அந்த 1,000 ரூபாய்க்காக 2015 முதல் எங்கள் ஆட்கள் எத்தனை தடவை ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2018இல் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு கொழும்பு காலிமுகத்திடலுக்கே போனார்கள். கடைசியில் சங்கங்களும் கம்பனிகளும் போடுகிற கூட்டு ஒப்பந்தத்தில் கிடைக்காமல், 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது: அடிப்படை 900, படி 100.

அன்றைக்கு ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அதாவது அம்மாவின் ஒரு நாள் உழைப்பு 5 டொலர். 2022 ஜூனில் டொலர் 360. அதே 1,000 ரூபாய் 2.80 டொலருக்கும் கீழே போய்விட்டது. ஆறு வருடம் போராடி வாங்கியதில் பாதிக்குக் கிட்டவே சில வாரங்களில் கரைந்தது. எந்தக் கம்பனியும் சம்பளத்தைக் குறைக்கவில்லை, எந்தச் சங்கமும் கையெழுத்துப் போடவில்லை.

அதே நேரம் கொழும்பு ஏலத்தில் என்ன நடந்தது? 2021இல் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 600 ரூபாய்க்குச் சற்று மேல். 2022இல் 1,200ஐத் தாண்டியது. தேயிலை டொலருக்குப் போகிறது, அதனால் ரூபாய் விழுந்தபோது ஏல விலை ஏறியது. கொழுந்து பறித்தவரின் கூலி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் டொலரோடு சேர்ந்து ஏறின.

நாம் எப்போதும் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையைத்தான் பார்க்கிறோம். தீர்மானம் வேறெங்கோ நடக்கிறது என்று எனக்கு இப்போது படுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏற்றுமதிக் கணக்கு எழுதியது:

தம்பி, நான் கொழும்பில் தேயிலைத் தரகு நிறுவனமொன்றில் 14 வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. ஏல விலை இரட்டிப்பானது உண்மை. விற்கத் தேயிலை இருந்ததா என்று பாருங்கள். 2021இல் நாட்டின் உற்பத்தி கிட்டத்தட்ட 30 கோடி கிலோ. 2022இல் 25 கோடி சொச்சம். 1990களின் நடுவுக்குப் பிறகு அவ்வளவு கீழே போனதே இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். 2021 ஏப்ரலில் முடிவெடுத்து மே மாதம் வர்த்தமானி போட்டு இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் தேயிலைச் செடி ஆறு மாதப் பட்டினியை ஆறு மாதத்தில் மறந்துவிடாது. தடை எடுபட்ட பிறகு உரம் வாங்க டொலர் இல்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டக் கம்பனியின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு ஆள் சம்பளம். எங்கள் பெண்கள் ஒரு நாளில் பறிப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கென்யாவில் பறிக்கிறார்கள். அவர்கள் கைவேகம் அதிகம் என்பதால் அல்ல. செடி இளையது, நிலம் பறிக்க வசதியானது, மறுநடுகை ஒழுங்காக நடக்கிறது. இங்கே பல தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலைதான் இன்னும் நிற்கிறது. 1992இல் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது மறுநடுகை பெரிதாக நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தேவையான அளவுக்கு நடக்கவே இல்லை.

கொழுந்துக்கூடை எழுதியது:

அண்ணன் சொன்ன உரக் கதையை எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எப்படி உணர்ந்தோம் என்று சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். 2022 தொடக்கத்தில் மலையில் கொழுந்தே இல்லை. அம்மா காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு)ப் போய், மத்தியான நிறுவைக்கு 5 கிலோ, சாயந்திரம் 8 கிலோ கொண்டு வருவார். அதிலும் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் 2 கிலோ கழிப்பார்கள். மழை இல்லாத நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். பிறகு சீட்டில் ‘அரை’ என்று விழும். ஜூன் சீட்டில் 19 நாள் வேலைக்குப் போயிருக்கிறார், அதில் 11 நாள் அரைப்பேர். ஆகவே சட்டத்தில் 1,000 ரூபாய், கையில் அதில்லை.

உரத்தை நிறுத்தியது கொழும்பு. இலை குறைந்தது மலையில். அரைப்பேர் போட்டது தோட்டம். மூன்றும் ஒரே சீட்டில் வந்து சேர்ந்தது.

வலிகாமத்தான் எழுதியது:

எல்லோரும் சந்தையையும் டொலரையும் பேசுகிறீர்கள். அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தால் உள்ளூர் உற்பத்தியாளன் தலைநிமிர்வான் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. 1970 முதல் 1977 வரை பிரதமர் சிறிமாவோ அம்மையார் காலத்தில் வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வருவதை மறித்தார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு அதுதான் பொற்காலம். அப்பா துலா மிதித்து இறைத்தவர், அந்த வருடங்களில்தான் நீர் இறைக்கும் மிஷின் வாங்கினார், மண் வீட்டை இடித்துக் கல் வீடு கட்டினார், அக்காவைப் படிப்பித்தார். எங்கள் ஒழுங்கையில் அப்போது கட்டிய வீடுகளை ‘மிளகாய் வீடு’ என்றே சொல்லுவோம்.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்து கதவைத் திறந்தார். இந்திய வெங்காயமும் மிளகாயும் வந்து குவிந்தன. அப்பா மிளகாய்க் கண்டுகளைப் பிடுங்கி எறிந்ததை நான் பார்த்தேன். திறந்த பொருளாதாரம் என்று புகழ்கிறவர்கள் அந்தக் கண்டுகளையும் நினைக்க வேண்டும்.

பதுளை வாத்தியார் எழுதியது:

வலிகாமத்து நண்பருக்கு வணக்கம். உங்கள் அப்பாவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே வருடங்களைப் பற்றி என்னிடமும் ஒரு சாட்சி இருக்கிறது.

1973, 74இல் எனக்கு ஒன்பது வயது. அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்கள், மாவுக்கும் பாணுக்கும் வரிசை. ஊர் மக்களுக்குக் கொல்லையில் மரவள்ளியாவது இருந்தது. லயத்துக்காரனுக்குக் கொல்லை இல்லை. லயத்துக் காம்பராவுக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு அடி நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நாளையும் குறைத்தார்கள். கஞ்சிக்கு வழியில்லாமல் தோட்டத்து ஆட்கள் பதுளை டவுனிலும் கொழும்பு வரையிலும் பிச்சைக்குப் போனார்கள். 1974இல் தோட்டங்களில் இறப்பு விகிதம் எப்படித் தாவியது என்பது அரசாங்கத்தின் சொந்தப் பதிவுகளிலேயே இருக்கிறது. எங்கள் லயத்தில் அந்த வருடம் இரண்டு கிழவர்களும் ஒரு கைக்குழந்தையும். குழந்தை எனக்குத் தங்கை.

ஒரே கொள்கைதான். உங்கள் ஒழுங்கையில் கல் வீடு எழுந்தது, எங்கள் லயத்தில் குழி வெட்டினார்கள். ஏன் இப்படி ஆனது என்று பிறகு நிறையப் படித்தேன். இந்த இழையின் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1968இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் அந்நியச் செலாவணி உரித்துப் பத்திரம் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. நாட்டில் ஒரு டொலருக்கு இரண்டு விலை. அவசியமில்லாத பொருளை இறக்குமதி செய்கிறவர் அரச விலைக்கு மேல் 44% கூடுதலாகக் கட்ட வேண்டும். பின்னால் அது 65% வரை போனது. புதிய பொருள்களை ஏற்றுமதி செய்கிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் கிடைக்கும். ஆனால் தேயிலை, றப்பர், தெங்கு மூன்றுக்கும் அது கிடையாது. அவை கொண்டுவந்த டொலரை மலிவான அரச விலைக்கே மத்திய வங்கி எடுத்துக்கொண்டது. அந்த மலிவு டொலரில்தான் அரிசியும் மாவும் மருந்தும் வாங்கினார்கள். அடுத்துவந்த அரசாங்கமும் அதைக் கைவிடவில்லை. இதற்கு மேல் தேயிலைக்கு ஏற்றுமதி வரி வேறு.

அதாவது, முழு நாடும் தின்ற மலிவு அரிசிக்குத் தேயிலைதான் கட்டியது. வரி என்று எந்தச் சீட்டிலும் எழுதாமல் கட்டியது. தோட்டம் சம்பாதித்த டொலரில் ஒரு பகுதி இப்படிப் போனால், கூலிக்கும் லயத்துக்கும் மறுநடுகைக்கும் என்ன மிஞ்சும்? 1977 நவம்பரில்தான் இரண்டு விலையையும் ஒன்றாக்கி டொலரை 16 ரூபாய் அளவில் விட்டார்கள்.

அப்போது ஏன் யாரும் எதிர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி நினைவிருக்கிறதா? ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியதும் இடதுசாரிச் சங்கங்கள் ஹர்த்தால் நடத்தின, நாடே நின்றது, பிரதமர் பதவி விலகினார். அதற்குப் பிறகு எந்த அரசாங்கத்துக்கும் அரிசி விலையில் கை வைக்கப் பயம். அந்தப் பயத்தின் செலவை வாக்கு இல்லாதவர்கள் தலையில் வைத்தார்கள். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்களுக்கு வாக்கே இல்லை. நாட்டின் டொலரில் பெரும்பகுதியைக் கொண்டுவந்த ஆட்கள், அந்த டொலரை எப்படிச் செலவழிப்பது என்று சொல்ல உரிமையில்லாத ஆட்கள். அரசாங்கத்துக்கு அதைவிட வசதி வேறென்ன?

வலிகாமத்தான் எழுதியது:

வாத்தியார் ஐயா, இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

1974, 75இல் வன்னியில் எங்கள் சித்தப்பா காட்டு நிலம் எடுத்து மிளகாய் போட்டார். அங்கே கூலிக்கு வந்தவர்கள் மலைநாட்டுச் சனம். குடும்பத்தோடு வந்து கொட்டிலில் இருந்தார்கள். ‘சாப்பாடு தந்தால் போதும்’ என்று வந்தவர்கள் என்று சித்தப்பா சொல்லுவார். ஏன் வந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் விலையேற்றமும் உங்கள் பசியும் ஒரே வேலியின் இரண்டு பக்கம் என்பது இப்போதுதான் விளங்குகிறது. தங்கைக்காக வருந்துகிறேன்.

இறக்குமதிக் கட்டுப்பாடு தேவை என்பதை நான் இன்னும் நம்புகிறேன். அதன் பாரத்தை யார் சுமக்கிறார் என்று பார்த்து, சுமக்கிறவருக்கு முதலில் அரிசி கொடுத்திருக்க வேண்டும்.

பழைய பிரதிநிதி எழுதியது:

பதினெட்டு வருடம் தொழிற்சங்க மாவட்டப் பிரதிநிதியாக இருந்தேன். சங்கத்தின் பெயர் வேண்டாம், எல்லாச் சங்கத்துக்கும் பொருந்தும்.

இங்கே சிலர் சங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று எண்ணிக்கொண்டு படிப்பீர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்டுப் போராடியபோது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் செத்தார். அன்றிலிருந்து வந்த பாதை இது. 1984 வரை தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். அந்த வருட வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சமம் ஆனது. ஏப்ரல் மாதம், கொழுந்து பொங்குகிற காலம், உலகச் சந்தையில் தேயிலைக்கு நல்ல விலை. அந்த நேரத்தில் கூடையை இறக்கி வைத்தோம், நாள் போகப் போகக் கொழுந்து முற்றியது, அரசாங்கம் இறங்கி வந்தது. சந்தை நமக்குச் சாதகமாக இருக்கும்போது அடித்தால்தான் வேலைநிறுத்தத்துக்குப் பலம். அந்தக் கணக்கு அப்போதைய தலைமைக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். சங்கத் தலைவர் தொண்டமான் ஐயா 1978இல் அமைச்சரவைக்குப் போனார். 1980 ஜூலையில் அரச ஊழியர்களும் மற்றவர்களும் பொது வேலைநிறுத்தம் செய்தபோது ஜே.ஆர். 40,000 பேருக்கு மேல் வேலையிலிருந்து தூக்கினார். தெற்கின் சங்கங்களுக்கு முதுகெலும்பு அன்றைக்கு முறிந்தது. எங்கள் சங்கம் அமைச்சருக்குப் பக்கத்தில் இருந்ததால் தப்பியது. பிரசாவுரிமை கிடைத்ததும் அந்த நெருக்கத்தால்தான். அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், சங்கம் மெல்ல மெல்ல வாக்குப் பெட்டியானது. சம்பளம் பேரம் பேசி வாங்குகிற பொருளாக இல்லாமல், தேர்தல் மேடையில் அறிவிக்கிற பொருளானது. 1,000, 1,700 என்று உருண்டையான எண்கள் எங்கிருந்து வந்தன என்று யோசியுங்கள். எந்த ஏலக் கணக்கிலிருந்தும் வரவில்லை, சுவரொட்டிக்கு அழகாக இருந்ததால் வந்தன.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சனத்துக்குச் சொல்வதே இல்லை. 2016 ஒப்பந்தத்தில் நாள் சம்பளம் 730 என்றார்கள். பிரித்துப் பாருங்கள்: அடிப்படை 500, வருகைக்கு 60, விலைப் பங்கு 30, உற்பத்திக்கு 140. ஊழியர் சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கு. தொழிலாளி 8%, கம்பனி 12%. படியாகக் கொடுத்தால் கம்பனிக்கு 12% மிச்சம், எங்கள் அம்மாமாருக்கு முதுமையில் நட்டம். 2019இல் மொத்தம் 750 என்றதும் ‘20 ரூபாய்தானா’ என்று திட்டினார்கள். அடிப்படை 500லிருந்து 700 ஆனதை நாங்களே ஒழுங்காக விளக்கவில்லை. அது எங்கள் தவறு.

வலயத்து மீனா எழுதியது:

நான் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம், லைனில் தொடங்கிச் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஊர் நுவரெலியா மாவட்டம். அம்மா கொழுந்து, நான் தையல். ஆகவே இரண்டு பக்கமும் தெரியும்.

எங்கள் பக்கம் கதை தலைகீழ். தோட்டத்தில் சங்கம் இருக்கிறது, அமைச்சர் வரைக்கும் போகும். வலயத்தில் சங்கம் அமைப்பதே பாடு. 1999 சட்டத்தின்படி ஒரு இடத்தில் 40% பேர் சேர்ந்தால் முதலாளி பேசித்தான் ஆக வேண்டும். 30% சேரும்போதே முன்னின்றவர்கள் ஒவ்வொருவராக லைன் மாற்றப்படுவார்கள், பிறகு காணாமல் போவார்கள். என்னுடைய பழைய தொழிற்சாலையில் இரண்டு தடவை அப்படி நடந்தது. சங்கத்துக்குப் பதிலாக ஊழியர் சபை ஒன்றைக் காட்டுவார்கள்.

ஆனாலும் ஒரு கை நமக்கு வெளியிலிருந்து கிடைக்கிறது. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை. அது கிடைக்க 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும், அவற்றில் சங்கம் அமைக்கும் உரிமையும் அடக்கம். 2010 ஓகஸ்டில் மனித உரிமைக் காரணத்துக்காக அதை நிறுத்தினார்கள், 2017 மேயில்தான் திருப்பிக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் தொழிற்சாலையில் இரண்டு லைன் மூடினார்கள். கொழும்பில் யாரோ செய்ததற்குத் தையல் மிஷினில் இருந்தவள் வீட்டுக்குப் போனாள். ஆகவே சலுகையை நிறுத்துங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நிறுத்தப் போகிறோம் என்ற பேச்சு வரும்போது மட்டும் மனேஜர்மார் சங்கத்தோடு மரியாதையாகப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன்.

2011 மே மாதம் இருக்கிறதே, அதை மறக்க முடியாது. தனியார் துறை ஓய்வூதியம் என்று ஒரு சட்டமூலம் கொண்டுவந்து எங்கள் சேமலாபப் பணத்தில் கை வைக்கப் பார்த்தார்கள். சங்கம் இல்லாத தொழிற்சாலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தாங்களாகவே வெளியே வந்தார்கள். பொலிஸ் சுட்டு ஒரு இளைஞர் செத்தார். அதன் பிறகு அரசாங்கம் சட்டமூலத்தைக் கைவிட்டது. நான் அப்போது பாடசாலை மாணவி, எங்கள் மாமி அந்தக் கூட்டத்தில் நின்றவர்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா 44% வரி என்று அறிவித்த இரவு போர்டிங்கில் ஒருத்தரும் தூங்கவில்லை. ஆடை ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான் போகிறது. ஓகஸ்டில் 20%க்கு இறங்கியது. நாங்கள் யாருக்கும் வாக்குப் போடாத ஒரு நாட்டில் எங்கள் ஓவர்டைம் தீர்மானமானது.

ஏற்றுமதிக் கணக்கு எழுதியது:

பிரதிநிதி ஐயா சொன்னதில் எனக்கு ஒரு வழி தெரிகிறது. சிறு தோட்டக்காரர்களைப் பாருங்கள். இன்றைக்கு நாட்டின் தேயிலையில் 70%க்கு மேல் அவர்களுடையது. அவர்களுக்குக் கொழுந்து விலை ஏலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை விற்கும் விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 தொழிற்சாலைக்கு. 2022இல் ரூபாய் விழுந்தபோது அவர்கள் கொழுந்து விலை தானாகவே ஏறியது. எந்த மறியலும் தேவைப்படவில்லை. தோட்டத்திலும் வருமானப் பகிர்வு முறைக்கு ஏன் போகக்கூடாது?

பழைய பிரதிநிதி எழுதியது:

கம்பனிகளும் அதைத்தான் கேட்கின்றன. அதற்கு ஒத்துக்கொண்டால் நாளைக்கு எங்கள் ஆள் தொழிலாளி அல்ல, ஒப்பந்தக்காரர். சேமலாப நிதி இல்லை, பிரசவச் சலுகை இல்லை, மழையில் சறுக்கி விழுந்தால் நட்டஈடு இல்லை. சிறு தோட்டக்காரருக்குக் காணி உறுதி கையில் இருக்கிறது. எங்களுக்கு வீடு நிற்கிற நிலமே சொந்தம் இல்லை. காணியைக் கொடுத்துவிட்டுப் பகிர்வைப் பற்றிப் பேசட்டும், நானே மலைக்கு மலை போய் ஆதரித்துப் பேசுகிறேன்.

பதுளை வாத்தியார் எழுதியது:

பிரதிநிதி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். சேமலாப நிதி என்றதும் இன்னொன்று. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கிறோம் என்று அந்த நிதியிடம் இருந்த அரச முறிகளையே (அரசாங்கத்தின் கடன் பத்திரங்களையே) மாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றால் வருமான வரி 14%க்குப் பதில் 30%. வங்கிகள் பிடித்திருந்த ரூபாய் முறிகளைத் தொடவில்லை. தோட்டத்திலும் வலயத்திலும் மாதாமாதம் வெட்டிய 8% மீதுதான் கை வைத்தார்கள். அன்றைக்கு மலையகச் சங்கங்கள் போதுமான சத்தம் போடவில்லை என்பதே என் மனக்குறை. நாள் சம்பளத்துக்குப் போடுகிற சத்தத்தில் பாதியை அதற்குப் போட்டிருக்கலாம்.

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 74இல் அம்மாவுக்கு ஏழு வயது. பக்கத்து மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போய்ப் பிடிபட்டதைச் சொன்னார், முன்னே ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை.

2024 செப்டெம்பரில் 1,350 ஆக்கியபோது ஒரு டொலர் 300 ரூபாய் அளவில். நாலரை டொலர். 2021இல் வாங்கிய 5 டொலருக்கே அப்போதும் திரும்பவில்லை. ஆகவே எங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கோரிக்கை வைக்கப் பார்க்கிறேன். தொழிலாளி தொழிலாளியாகவே இருக்கட்டும், சேமலாபம் இருக்கட்டும். அடிப்படைச் சம்பளம் மட்டும் கொழும்பு ஏலத்தின் ரூபாய்ச் சராசரி ஏறும்போது ஏறட்டும், இறங்கும்போது இருந்த இடத்தில் நிற்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ஏற்றுமதிக் கணக்கு அண்ணன், 2016 முதல் மாதச் சராசரி விலையைத் தர முடியுமா? மலைநாட்டுத் தேயிலைக்குத் தனியாக இருந்தால் இன்னும் நல்லது. மீனா அக்கா, உங்கள் அம்மாவிடமும் பழைய சீட்டுகள் இருந்தால் பாருங்கள்.

ஏற்றுமதிக் கணக்கு எழுதியது:

தருகிறேன். ஒரு எச்சரிக்கை: இறங்கும்போது நிற்கட்டும் என்பதற்குக் கம்பனிகள் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது. ஈரான் எண்ணெய்க் கடனுக்குத் தேயிலை கொடுப்பது, ரஷ்யாவும் ஈராக்கும் வாங்குவது, எல்லாம் ஒரு போர் வந்தால் ஆடும். நல்ல காலத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி ஒரு நிதி வைத்து, கெட்ட காலத்தில் அதிலிருந்து நிரப்பலாம் என்று சேர்த்து எழுதுங்கள். அந்த நிதியை யார் வைத்திருப்பது என்பதையும் எழுதுங்கள், வாத்தியார் சொன்னதை நினைத்துக்கொண்டு.

வலயத்து மீனா எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன் தம்பி. 2009 முதல் இருக்கிறதாம், அரிசி வாளிக்கு அடியில். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், ஒவ்வொன்றாகப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிடுகிறேன்.